கழுத்தில் தடயம் இல்லாவிட்டாலும் உயிருக்கு ஆபத்து: குடும்ப வன்முறையில் கழுத்து நெரிப்பை அறிவது எப்படி, அன்றிரவே செய்ய வேண்டியது என்ன?

புதுடெல்லி: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் "அடித்தாரா?" என்று கேட்டால் "ஆம்" என்ற பதில் கிடைக்கும். அந்த அடியின் நடுவே கழுத்தும் பிடிக்கப்பட்டதா என்பது, அதைத் தனியாகக் கேட்டால் அன்றிப் பல நேரங்களில் வெளியே வருவதில்லை. உயிர் பிழைத்த பெண்ணுக்கே அது அன்றைய சண்டையின் ஒரு பகுதியாகத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் கழுத்தில் சிவப்போ கன்றலோ தெரியாவிட்டால் வீட்டார், காவலர், சில வேளைகளில் மருத்துவர் என எல்லோரும் அதைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

கடந்து செல்லக்கூடாத நிகழ்வு அது. கழுத்தை நெரித்த கை விலகிவிட்டாலும், அதன் விளைவு உடலுக்குள் பல மணி நேரம், சில சமயம் பல நாள்கள் தொடரலாம். அதே கை மீண்டும் கழுத்துக்கு வருவதற்கான வாய்ப்பும் அதிகம்.

ஏன் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்?

துணைவரால் வன்முறைக்கு ஆளாகும் பெண்களில் யார் கொலையாகும் ஆபத்தில் இருக்கிறார் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வியை அமெரிக்க ஆய்வாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியத் துறை ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1980-களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் பட்டியலில், துணைவர் கழுத்தை நெரித்தது உண்டா என்பதும் ஒரு கேள்வி. 2008-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று அதன் எடையை எண்களால் காட்டியது. வன்முறைக்கு ஆளானாலும் கழுத்து நெரிக்கப்படாத பெண்களோடு ஒப்பிடுகையில், ஒருமுறையேனும் நெரிக்கப்பட்டவர்கள் பின்னர் கொலை முயற்சிக்கு ஆளாகும் வாய்ப்பு 6 மடங்குக்கும் மேல் இருந்தது. கொலை செய்யப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் இருந்தது.

இந்தியாவில் 2022 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த டெல்லி மெஹ்ரௌலி கொலை வழக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் கொடூரமான பிற்பகுதி ஊடகங்களில் நிறைந்திருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2020 நவம்பரில், கொல்லப்பட்ட பெண் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் உள்ள காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார் என்ற செய்தி அந்த இரைச்சலில் பின்னுக்குப் போனது. தன்னுடன் வாழ்ந்தவர் தன்னை மூச்சுத் திணறடித்துக் கொல்ல முயன்றதாக அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். பின்னர் புகாரைத் தொடர விரும்பவில்லை என எழுதிக் கொடுத்தார். 2022 மே மாதம் அவர் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார் என்பதே காவல்துறையின் குற்றச்சாட்டு. புகாரைத் திரும்பப் பெறுவது குடும்ப வன்முறையில் அன்றாடம் நடப்பது. ஆனால் மூச்சை நிறுத்த முயன்றதாகச் சொல்லும் புகார் திரும்பப் பெறப்படும்போது, அந்தப் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிய விசாரணையும் அத்துடன் முடிந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் இது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்பதற்குத் தனிக் கணக்கு கிடைப்பதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வில், கணவர் "கழுத்தை நெரிக்கவோ வேண்டுமென்றே தீக்காயம் ஏற்படுத்தவோ" முயன்றாரா என்று இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கின்றனர். வெவ்வேறான இரண்டு கொடுமைகள் ஒரே பதிலுக்குள் கலந்துவிடுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் இது பெரும்பாலும் 'கணவர் அல்லது உறவினரின் கொடுமை' என்ற பெருந்தலைப்புக்குள் மறைந்துவிடுகிறது. 2022-இல் பெண்களுக்கு எதிராகப் பதிவான 4,45,256 குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தலைப்பின் கீழ் வந்தவை.

மூச்சு நிற்காமலேயே நினைவு தப்பும்

கழுத்து நெரிப்பு என்றதும் மூச்சுக்குழாய் அடைபடுவதையே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் முதலில் தடைபடுவது ரத்த ஓட்டம். கழுத்தின் இருபுறமும், தோலுக்கு வெகு அருகில், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலர் சிரைகளும், மூளைக்கு ரத்தம் எடுத்துச் செல்லும் கரோட்டிட் தமனிகளும் உள்ளன. மருத்துவ நூல்கள் தரும் கணக்கின்படி, சிரையை அடைக்கச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4.4 பவுண்டு அழுத்தமும், தமனியை அடைக்கச் சுமார் 11 பவுண்டு அழுத்தமும் போதும். மூச்சுக்குழாயை அடைப்பதற்குத் தேவையான அழுத்தம் தமனிக்குத் தேவையானதைப் போலச் சுமார் மூன்று மடங்கு.

மூளைக்குச் செல்லும் ரத்தம் முற்றிலும் நின்றால் என்ன ஆகும் என்பதை, இளம் ஆண்களிடம் நடத்தி 1943-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. சராசரியாக 7 விநாடிகளுக்குள் அவர்கள் நினைவிழந்தனர். ஆகவே "என்னால் மூச்சுவிட முடிந்தது", "கத்தக்கூட முடிந்தது" என்று ஒரு பெண் சொன்னால் ஆபத்து இல்லை என்று பொருளாகாது. நினைவு தப்புவதற்கு மூச்சு நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இரு கைகளால் நெரிப்பது மட்டுமே கழுத்து நெரிப்பு என்று கொள்ளக் கூடாது. முழங்கையை வளைத்துப் பின்னாலிருந்து இறுக்குவது, சுவரோடு சேர்த்துத் தொண்டையில் முன்கையை அழுத்துவது, தரையில் தள்ளிக் கழுத்தில் முழங்காலை ஊன்றுவது, துப்பட்டா, சேலைத் தலைப்பு, தாலிச் சங்கிலி, அலைபேசியின் சார்ஜர் வயர் ஆகியவற்றால் இறுக்குவது எல்லாம் இதில் அடங்கும். தலையணையால் முகத்தை அமுக்குவதும் மார்பின் மேல் அமர்ந்து மூச்சை முட்டச் செய்வதும் வேறு வகையைச் சேர்ந்தவை என்றாலும் ஆபத்தில் குறைந்தவை அல்ல.

தடயம் இல்லாதது ஆதாரம் இல்லாதது ஆகாது

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் காவல்துறையிடம் பதிவான 300 கழுத்து நெரிப்பு வழக்குகளை ஆராய்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் பாதியில் வெளிப்படையான காயம் எதுவுமே இல்லை. மேலும் 35 சதவீத வழக்குகளில் காயம் இருந்தும் புகைப்படத்தில் பதியும் அளவுக்கு இல்லை. தெளிவாகப் படமெடுக்க முடிந்தது 15 சதவீதத்தில் மட்டுமே. அந்த நகரில் இரண்டு இளம்பெண்கள் 1995-இல் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டதே, பழைய கோப்புகளை எடுத்து இந்த ஆய்வைச் செய்யத் தூண்டியது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் கன்றலும் சிவப்பும் எளிதில் தெரிவதில்லை. துப்பட்டா போன்ற மென்மையான துணியால் இறுக்கும்போது பதியும் கோடு மிக மங்கலாக இருக்கும். சில மணி நேரத்தில் மறைந்தும்விடும். சட்ட மருத்துவப் பாடத்தில் தூக்கில் தொங்கியவரின் கழுத்துக் கோட்டுக்கும் நெரிக்கப்பட்டவரின் கழுத்துக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மருத்துவ மாணவர்கள் விரிவாகப் படிக்கின்றனர். இறந்தவரின் கழுத்துக்குக் கொடுக்கப்படும் அந்தக் கவனத்தில் ஒரு பங்காவது, நெரிக்கப்பட்டு உயிரோடு எதிரில் வந்து அமரும் பெண்ணின் கழுத்துக்கும் கிடைக்க வேண்டும்.

எனவே தோலைப் பார்ப்பதோடு நிற்காமல், உடலில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குரல் கரகரப்பது, கம்முவது, பேச்சு கிசுகிசுப்பாக மாறுவது முக்கியமான அறிகுறிகள். எச்சில் விழுங்கும்போது வலி, தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு, தொடர் இருமல், கழுத்தைத் திருப்பினால் வலி ஆகியவையும் அப்படியே. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தக் கசிவு, இமைகளிலும் காதுக்குப் பின்னும் உதட்டின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். தாடைக்குக் கீழே நகக் கீறல்கள் இருக்கலாம். இறுகிய கையை விலக்க அந்தப் பெண் போராடியபோது அவருடைய நகங்களே அவற்றை ஏற்படுத்தியிருக்கவும் கூடும்.

உடலுக்குள் நடந்ததைப் பெண்ணிடம் கேட்டுத்தான் அறிய முடியும். கண் இருண்டதா, நட்சத்திரம் போல் மின்னியதா, காதில் இரைச்சல் கேட்டதா, தலை சுற்றியதா, நடுவில் சிறிது நேரம் என்ன நடந்தது என்பதே நினைவில் இல்லையா? சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் கழிந்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வெட்கத்தால் பலர் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் எந்த அளவு தடைபட்டது என்பதற்கான வலுவான அடையாளங்களில் அதுவும் ஒன்று. "நின்றுகொண்டிருந்தேன், பிறகு பார்த்தால் தரையில் கிடந்தேன்" என்று ஒருவர் சொன்னால் நடுவில் நினைவு தப்பியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அன்றிரவே செய்ய வேண்டியவை

மூச்சோ நினைவோ இல்லை என்றால் 108 அல்லது 112-ஐ உடனே அழைத்து, பயிற்சி உள்ளவர்கள் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுக்க வேண்டும். கழுத்தில் துணியோ கயிறோ இறுகியிருந்தால் எது விரைவோ அந்த வழியில் அகற்ற வேண்டும். முடிந்தால் முடிச்சை அவிழ்க்காமல் வேறு இடத்தில் வெட்டி, அந்தத் துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வைப்பது பின்னர் வழக்குக்கு உதவும். உயிர் காப்பதே முதல் வேலை, முடிச்சு இரண்டாவது.

பெண் பேசுகிறார், நடக்கிறார், "ஒன்றும் இல்லை" என்கிறார் என்றாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நெரிப்பில் கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, உறைந்த துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இது சம்பவம் நடந்து பல நாள்கள் கழித்தும், இளம் வயதினருக்கும் நேரலாம். குரல்வளைப் பகுதியின் வீக்கம் முதல் சில மணி நேரத்தில் மெல்லக் கூடி மூச்சுப்பாதையை அடைக்கவும் கூடும். அதனால் அன்றிரவு அவர் தனியாகத் தூங்கக் கூடாது.

நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யும் ஒன்றை இங்கே தவிர்க்க வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று எண்ணெயோ தைலமோ தேய்த்து நீவிவிடுவது, ஒத்தடம் கொடுத்து அழுத்துவது, சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது. தமனியில் கிழிசல் இருந்தால் அது பெரிதாகலாம். விழுங்கச் சிரமம் இருந்தால் உணவோ தண்ணீரோ கொடுக்காமல் அழைத்துச் செல்வது நல்லது. வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம்.

மூச்சுத் திணறல், குரல் மாற்றம், விழுங்க முடியாமை, நினைவு தப்பியது, கழுத்தில் வீக்கம், தோலை அழுத்தினால் நொறுநொறுவென்ற உணர்வு, ஒரு கண் இமை தொங்குவது, முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணி என்றால், தாய் நலமாகத் தெரிந்தாலும் கருவின் நிலையைச் சோதித்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையில், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு இயல்பாக இருப்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கை விலகிய சிறிது நேரத்திலேயே அந்த அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சாதாரண எக்ஸ்-ரேயில் தமனிக் காயம் தெரியாது. நினைவு தப்பியவர்களுக்கும் மேற்சொன்ன அறிகுறிகள் உள்ளவர்களுக்கும் கழுத்து ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. தாலுகா மருத்துவமனையில் அந்த வசதி இல்லாவிட்டால் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறலாம். இரண்டு வாரம் கழித்து வேறு காரணம் தெரியாமல் தலைவலியோ கை கால் தளர்ச்சியோ வந்தால், "என் கழுத்து நெரிக்கப்பட்டது" என்பதை அந்த மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். அவர் அதைத் தாமாக ஊகிக்க வழியில்லை.

முதலில் காவல் நிலையம் போய்விட்டு வாருங்கள் என்று மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. அவசரச் சிகிச்சைக்குக் காவல்துறை நடைமுறைகள் தடையாகக் கூடாது என 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் அதன் விதிகளும், குடும்ப நிகழ்வு அறிக்கை பதிவாகவில்லை என்ற காரணத்தால் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கின்றன.

ஒரு சொல் இல்லாமல் போனால்

பாதிக்கப்பட்ட பெண் 'கழுத்து நெரிப்பு' என்ற சொல்லை அரிதாகவே பயன்படுத்துவார். "கழுத்தைப் பிடித்தார்", "தொண்டையை அமுக்கினார்", "மூச்சு முட்டியது" என்பார். வட மாநிலங்களில் "கலா தபாயா" என்பார்கள். இந்தச் சொற்கள் காவல் நிலையத்தையோ மருத்துவமனையையோ அடையும்போது "கையால் தாக்கினார்" என்றும், இந்தி ஆவணங்களில் "மார்பீட்", அதாவது அடிதடி என்றும் சுருங்கிவிடுகின்றன. அந்தச் சுருக்கத்தில்தான் வழக்கின் விதி பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது.

காரணம் இதுதான். இங்கிலாந்தும் வேல்ஸும் கழுத்து நெரிப்பைத் தனிக் குற்றமாக்கியுள்ளன. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 2022 ஜூன் 7 முதல் அது அங்கே 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. அதற்கு முன் பல நிகழ்வுகள் சாதாரணத் தாக்குதலாகவே பதிவாகி வந்தன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்தகைய தனிப் பிரிவு இல்லை. ஒரே செயல் 115-ஆவது பிரிவின் கீழ் சாதாரணக் காயமாகவும், 117-ஆவது பிரிவின் கீழ் கொடுங்காயமாகவும், 109-ஆவது பிரிவின் கீழ் கொலை முயற்சியாகவும் பதிவாகலாம். முதலாவதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. இரண்டாவதற்கு 7 ஆண்டு. மூன்றாவதற்கு 10 ஆண்டு வரையும், காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரையும் தண்டனை உண்டு. கணவர், அவரது உறவினரின் கொடுமைக்கான 85-ஆவது பிரிவுக்கு 3 ஆண்டு வரை சிறை.

85, 115 ஆகிய பிரிவுகள் மட்டும் போடப்பட்டால், 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை கொண்ட குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்ற 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பின் நெறிமுறை பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் நோட்டீஸ் பெற்றுக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்புவார். மேலும், 3 முதல் 7 ஆண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய புகார்களில் வழக்குப் பதியும் முன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கழுத்து நெரிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்த 14 நாள்கள் மிக நீண்டவை. அவசரக் கைதுகளால் அப்பாவிகள் பாதிக்கப்படக் கூடாது என்ற அக்கறையில் பிறந்தது அந்தத் தீர்ப்பு. அதில் குறை காண வேண்டியதில்லை. குறை, நடந்ததைச் சரியான பிரிவில் எழுதாததில் இருக்கிறது.

கொடுங்காயம் எது என்பதை 116-ஆவது பிரிவு வரையறுக்கிறது. எலும்பு முறிவு, பார்வை இழப்பு போன்றவற்றோடு "உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் காயம்" என்பதும் அதில் உண்டு. கொலை முயற்சி வழக்கில் மரணம் விளைவிக்கக்கூடிய அளவு காயம் உடலில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எண்ணமும் செயலுமே முக்கியம் என்று 1983-இல் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. ஆகவே கழுத்தில் கோடு இல்லை என்பதாலேயே வழக்கு சாதாரணக் காயமாகிவிட வேண்டியதில்லை. ஆனால் "நினைவு தப்பியது", "குரல் கம்மியது", "சிறுநீர் கழிந்தது", "உன்னைக் கொன்றுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே நெரித்தார்" என்ற விவரங்கள் தாளில் இருந்தால்தான் நீதிமன்றத்தால் அவற்றைப் பார்க்க முடியும்.

எதைப் பதிவு செய்ய வேண்டும்?

மருத்துவமனையில் இதனைச் சட்ட மருத்துவ வழக்காகப் பதியுமாறு கேட்கலாம். 'எம்.எல்.சி.' என்பது இதுவே. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேட்டில், அதாவது 'ஏ.ஆர்.' புத்தகத்தில், இது எழுதப்படும். எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்து, கழுத்து என்ற சொல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. ஒரு கையா, இரு கையா, துணியா, எத்தனை முறை, எவ்வளவு நேரம், அப்போது அவர் என்ன சொன்னார், பெண்ணுக்கு என்ன தோன்றியது என்பவை பெண்ணின் சொற்களிலேயே பதிவாக வேண்டும். "இறந்துவிடுவேன் என்று நினைத்தேன்" என்ற வாக்கியம் மிகையான பேச்சு என்று நீக்கப்படக் கூடாது.

கன்றல் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே மேலே தெரியும். முதல் நாளில் தொடங்கி மூன்று நான்கு நாள்கள், ஒரே இடத்தில் பகல் வெளிச்சத்தில், கழுத்தின் முன், பின், பக்கங்கள், தாடைக்கு அடி, காதுக்குப் பின், கண்கள், உதட்டின் உட்புறம் ஆகியவற்றைப் படமெடுக்கலாம். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைக்கலாம். குரல் மாற்றத்துக்குச் சான்று பெரும்பாலும் கையிலேயே இருக்கும். முந்தைய வாரம் அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவோடு இன்றைய குரலை ஒப்பிட்டால் வேறுபாடு கேட்கும். படங்களும் பதிவுகளும் உள்ள அலைபேசியை மாற்றாமல் வைத்திருப்பதும், நம்பிக்கையான ஒருவருக்குப் பிரதி அனுப்புவதும் அவசியம். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றத்தில் அளிக்க பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் இடமும் முக்கியம். நம் மருத்துவமனைகளில் நோயாளியின் அருகே கணவரோ மாமியாரோ நிற்பது வழக்கம். அவர்களை வெளியே அனுப்பாமல் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் "மாடிப்படியில் விழுந்துவிட்டேன்" என்பதே பதிலாக வரும். மும்பை பாந்த்ராவில் உள்ள பாபா மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு மாநகராட்சியும் செஹத் அமைப்பும் இணைந்து தொடங்கிய 'திலாசா' மையம், இப்படித் தனியாகக் கேட்க மருத்துவர்களையும் செவிலியர்களையும் பழக்கியது. பின்னர் அது நகரின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. கேரள அரசு மருத்துவமனைகளில் செயல்படும் 'பூமிகா' மையங்களும் இதே நோக்கம் கொண்டவை. மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசகர் இருந்தால், காவல் நிலையப் படியேறத் தயங்கும் பெண்ணும் பேசுகிறார் என்பதே இவற்றின் பயன்.

முன்னுக்குப் பின் முரண் என்று தள்ளிவிடலாமா?

சம்பவ இடத்துக்கு வரும் காவலர் அடிக்கடி காண்பது இந்தக் காட்சியைத்தான். பெண் அழுகிறார், கோபமாகக் கத்துகிறார், நடந்ததை வரிசையாகச் சொல்லத் தடுமாறுகிறார். ஆண் அமைதியாக, கைகட்டி, "இவளுக்கு எப்போதும் இப்படித்தான் சார்" என்கிறார். அவருடைய முகத்திலும் கையிலும் கீறல்கள் இருக்கின்றன. பெண்ணிடம் எந்தக் காயமும் தெரியவில்லை. தாக்கியவர் யார் என்று தோற்றத்தை வைத்து முடிவு செய்தால் விடை தவறாகப் போகும்.

ஆக்சிஜன் தடைபட்ட மூளையால் அந்த நிமிடங்களைச் சரியாகப் பதிந்துவைக்க முடியாது. முதல் நாள் "ஒருமுறை" என்றவர் மூன்றாம் நாள் "இரண்டு முறை" என்று சொன்னால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆணின் முன்கையில் உள்ள கீறலும் கடித்த தடமும், மூச்சுக்காகப் போராடியவர் ஏற்படுத்தியவையாக இருக்கலாம். கழுத்தின் முன் உள்ள கையை விலக்கும்போது எந்த இடத்தில் நகம் படும் என்று யோசித்தாலே இது புரிந்துவிடும். எதிர்ப்புகார் பதிந்து இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லும் முன் அந்த ஒரு நிமிட யோசனை தேவை.

சமாதானத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கணவன் மனைவியை எதிரெதிரே அமர்த்தி ஆலோசனை வழங்குவது பல காவல் நிலையங்களில் வழக்கம். வாய்த் தகராறுக்கு அது பொருந்தலாம். கழுத்தை நெரித்தவரின் எதிரே அமர்ந்திருக்கும் பெண் மனம்விட்டுப் பேச மாட்டார், பேசினால் வீடு திரும்பியபின் அதற்கான விலையைக் கொடுக்க நேரிடும். "கோபத்தில் கை வைத்துவிட்டார், வேண்டுமென்றே செய்யவில்லை" என்று பெரியவர்கள் சொல்வதும் இப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். அடுத்த கோபம் வரும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கே உதவி பெறலாம்?

உதவி கேட்பவர்கள் மிகக் குறைவு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதத்தினரே உதவி நாடியிருந்தனர்.

உடனடி ஆபத்தில் 112. பெண்களுக்கான உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது. அதன் வழியாகவே மாவட்டத்தில் உள்ள 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, காவல் உதவி, சட்ட உதவி ஆகியவை அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். தேசிய மகளிர் ஆணையத்தின் உதவி எண் 7827170170. இலவசச் சட்ட உதவிக்கு 15100. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சம்பவத்துக்குப் பின் தூக்கமின்மை, திடுக்கிட்டு விழிப்பது, கழுத்தில் துணி பட்டாலே நடுக்கம் ஆகியவை தொடர்ந்தால் மனநல உதவிக்கு 14416.

குற்ற வழக்கு தொடர விருப்பமில்லாதவர்களும் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதித்துறை நடுவரை அணுகலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு தயாரிக்க உதவுவார்; தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அவரைச் சந்திக்கலாம். தாக்கியவர் நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கோரலாம். அவசர நிலையில் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு பிறப்பிக்க 23-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. கழுத்து நெரிப்பு நடந்திருந்தால் மனுவின் முதல் பத்தியிலேயே அதைக் குறிப்பிடுவது நல்லது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் புகார் கொடுக்க முடியும்; 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது அதுதான். நிலைய அதிகாரி மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வீட்டை விட்டு வெளியேற முடிவு செய்தால் அதைத் தாக்கியவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பிரியப்போவதாக அறிவிக்கும் நாள்களிலும் பிரிந்த முதல் வாரங்களிலும்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் சான்றிதழ்கள், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைப் பக்கத்து வீட்டிலோ பிறந்த வீட்டிலோ வைத்திருக்கலாம். "பால் தீர்ந்துவிட்டதா?" என்பது போன்ற சாதாரண வாக்கியம் ஒன்றை நம்பிக்கையானவருடன் பேசி வைத்துக்கொண்டால், அது அலைபேசியில் கேட்ட மறுநொடி அவர் 112-ஐ அழைப்பார்.